விளையாட்டை விரித்துக் காட்டும் சுருள்கள்
ஜப்பானின் பழைய ஓவியச் சுருள்களும் நம் வகுப்பறைக்கு அவை தரும் பாடமும்

ஒரு தவளையும் ஒரு முயலும் மல்லுக்கட்டுகின்றன. பிடியை விடாமல் தவளை முயலின் நீண்ட காதைக் கடித்து இழுக்கிறது. பார்வையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தினால் முயல் மல்லாந்து விழுந்திருக்கிறது. தவளை வாயைப் பிளந்து ஆர்ப்பரிக்கிறது. பக்கத்தில் மற்ற தவளைகள் சிரித்துப் புரள்கின்றன. வண்ணம் இல்லை, ஒரு சொல்கூட எழுதப்படவில்லை. கறுப்பு மையும் தூரிகையும் மட்டுமே. ஆனாலும் யார் வென்றார், எப்படி வென்றார், அதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதையெல்லாம் ஒன்றாம் வகுப்புக் குழந்தையும் சொல்லிவிடும்.

இந்தப் படம் வரையப்பட்டு ஏறத்தாழ 850 ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானின் கியோட்டோ நகருக்கு வடமேற்கே மலைப்பகுதியில் உள்ள கோசான்ஜி என்ற பௌத்தக் கோயிலுக்குச் சொந்தமான ஓவியச் சுருளில் இது இடம்பெற்றிருக்கிறது. இத்தகைய சுருள்களை ஜப்பானியர் ‘எமாகி’ என்கிறார்கள். ‘எ’ என்றால் படம், ‘மாகி’ என்றால் சுருட்டியது.

எமாகிகளில் அரசர் கதைகள் உண்டு, போர்கள் உண்டு, கோயில்களின் தலபுராணங்கள் உண்டு. அவற்றோடு மல்யுத்தம், வில்வித்தை, பந்தாட்டம், பகடை, சேவல் சண்டை என மக்கள் ஓய்வு நேரத்தில் செய்தவையும் வரையப்பட்டிருக்கின்றன. வரலாற்று நூல்கள் பெரும்பாலும் சொல்லாமல் விட்ட பகுதி இது. ஒரு நாட்டில் யார் ஆண்டார்கள் என்பதை ஆவணங்கள் சொல்லும். மாலை நேரத்தில் தெருவில் என்ன விளையாடினார்கள் என்பதை யாராவது வரைந்து வைத்தால்தான் நமக்குத் தெரியும். இந்தச் சுருள்களை எப்படி வாசிப்பது, அவை சொல்வதை எவ்வளவு நம்பலாம், வகுப்பறையில் அவற்றை எப்படிப் பயன்படுத்தலாம் என்பவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

சுருள் எப்படி வேலை செய்கிறது?

பௌத்தத்தோடு சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த பழக்கங்களில் சுருள் நூலும் ஒன்று. புத்தரின் வாழ்வை மேல்பாதியில் படமாகவும் கீழ்ப்பாதியில் எழுத்தாகவும் காட்டும் சுருள்கள் 8ஆம் நூற்றாண்டிலேயே ஜப்பானில் உருவாக்கப்பட்டன. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இக்கலை உச்சத்தைத் தொட்டது.

செய்முறை எளிது. காகிதத் தாள்களைப் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட பட்டையாக்குவார்கள். இடது முனையில் ஓர் உருளைக் கட்டையைப் பொருத்திச் சுருட்டுவார்கள். உயரம் பெரும்பாலும் ஓர் அடி அளவுதான். நீளமோ பத்து மீட்டரையும் தாண்டும். தவளையும் முயலும் மோதும் அந்தச் சுருள் ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் 11 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டது.

இதைச் சுவரில் மாட்டுவதில்லை. தரையில் அல்லது தாழ்வான மேசையில் வைத்து, இடது கையால் விரித்தபடி வலது கையால் சுருட்டிக்கொண்டே பார்க்க வேண்டும். ஜப்பானிய எழுத்தைப் போலவே படமும் வலமிருந்து இடமாக ஓடும். ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரிவது இரு கைகளுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே. பார்த்து முடித்த காட்சி வலது கைக்குள் மறைகிறது. வரப்போகும் காட்சி இடது கைக்குள் ஒளிந்திருக்கிறது. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எதை வேகமாகக் கடக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் கைகளே முடிவு செய்கின்றன.

ஓவியர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஓடுகிறவர்களை முதலில் காட்டுவார்கள். எதற்காக ஓடுகிறார்கள் என்பது அடுத்த பகுதியை விரித்தால்தான் தெரியும். அச்சிட்ட நூலில் ஒரு பக்கத்தைப் புரட்டுவதற்கு முன் நம் மாணவர்கள் அடையும் ஆவலை இந்தச் சுருள் அங்குலத்துக்கு அங்குலம் உண்டாக்குகிறது.

2021இல் தோக்கியோ தேசிய அருங்காட்சியகம் கோசான்ஜியின் நான்கு சுருள்களையும் முழுவதுமாக விரித்துக் காட்சிக்கு வைத்தது. கூட்டம் ஓரிடத்தில் தேங்கிவிடாமல் இருக்க, முதல் சுருளின் முன்னால் விமான நிலையங்களில் இருப்பது போன்ற நகரும் நடைபாதையை அமைத்தார்கள். பார்ப்பவர் நின்றபடியே நகர, படம் கண்முன் ஓடியது. படம் நகர வேண்டும் அல்லது பார்ப்பவர் நகர வேண்டும் என்ற எமாகியின் அடிப்படை விதி அங்கே புதிய வடிவில் வெளிப்பட்டது.

காலத்தை வரையும் உத்தி

ஓவியம் ஒரு கணத்தைத்தான் காட்டும் என்று நாம் பொதுவாக எண்ணுகிறோம். விளையாட்டோ ஒரு கணத்தில் அடங்காது. தொடக்கம், போட்டி, திருப்பம், முடிவு எல்லாம் அதில் உண்டு. இதை வரைய எமாகி ஓவியர்கள் ஓர் உத்தியைக் கையாண்டார்கள். ஒரே பின்னணியில் ஒரே ஆளைப் பலமுறை வரைந்தார்கள். தவளை–முயல் மல்யுத்தமும் அப்படிப்பட்டதே. அங்கே இருப்பவை நான்கு விலங்குகள் அல்ல, ஒரே இணையின் இரண்டு தருணங்கள்.

இந்த உத்திக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த ‘பன் தைனகோன்’ சுருள்களில் வரும் தெருச் சண்டை. இது இன்று தோக்கியோவின் இதெமித்சு கலை அருங்காட்சியகத்தின் உடைமை. 866ஆம் ஆண்டு கியோட்டோ அரண்மனையின் ஓத்தென் வாயில் தீப்பிடித்து எரிந்ததும், அதன் பின்னால் இருந்த அரசியல் சூழ்ச்சியுமே இதன் கதை.

தெருவில் இரண்டு சிறுவர்கள் தலைமுடியைப் பற்றிக்கொண்டு சண்டையிடுகிறார்கள். ஒரு சிறுவனின் தந்தை வீட்டிலிருந்து ஓடி வருகிறார். வந்தவர் தன் மகனைப் பின்னால் தள்ளிக் காத்துக்கொண்டு மற்றச் சிறுவனை உதைக்கிறார். பிறகு தாய் வந்து மகனைக் கையைப் பிடித்து இழுத்துச் செல்கிறார். இத்தனையும் சிறிய வட்டம் போன்ற ஒரே இடத்தில் வரையப்பட்டிருக்கின்றன. நம் கண் அந்த வட்டத்தைச் சுற்றி வரும்போது நிகழ்வும் நகர்கிறது.

உதைத்தவர் அமைச்சர் தோமோ நோ யோஷியோவிடம் வேலை செய்பவர். உதைபட்ட சிறுவனின் தந்தையோ அமைச்சர் தரப்பினர் வாயிலுக்குத் தீ வைத்ததை நேரில் கண்டவர். பயத்தால் அதுவரை வாய் திறக்காதவர், மகன் அடிபட்ட ஆத்திரத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறார். அமைச்சர் நாடு கடத்தப்படுகிறார். ஒரு பேரரசின் அரசியலைக் குழந்தைகளின் தெருச் சண்டை திருப்பிப்போட்டதாக இந்தச் சுருள் சொல்கிறது. குழந்தைகளின் உலகம் சின்ன விஷயம் என்று அந்த ஓவியர் எண்ணவில்லை.

வீட்டுக்குள் நடப்பதைக் காட்ட இன்னோர் உத்தி இருந்தது. கூரையையும் மேற்சுவரையும் நீக்கிவிட்டு, உயரத்திலிருந்து கீழே பார்ப்பது போல அறையை வரைவார்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்த ‘கெஞ்சி கதை’ சுருளில் இதை நன்கு காணலாம். அதில் ஒரு காட்சியில் சகோதரிகள் இருவர் ‘கோ’ ஆடுகிறார்கள். கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து இடத்தைப் பிடிக்கும் சீன விளையாட்டு அது. வெல்பவருக்குப் பரிசு முற்றத்தில் பூத்து நிற்கும் செர்ரி மரம். அக்காட்சியை ஓர் இளைஞன் மறைந்திருந்து பார்க்கிறான். கூரை இல்லாததால் ஆடுபவர், பரிசு, மறைந்திருப்பவர் மூவரையும் நாம் ஒருசேரப் பார்க்கிறோம்.

அதே சுருளில் மொழி ஆசிரியர்களுக்கு மிகவும் பயன்படும் இன்னொரு காட்சி உண்டு. தோழி ஒருத்தி கதையை உரக்கப் படிக்கிறாள். தலைவி அதைக் கேட்டபடி படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படக்கதையை அக்காலத்தில் எப்படி அனுபவித்தார்கள் என்பதைப் படக்கதையே காட்டுகிறது. ஒருவர் வாசிக்க, ஒருவர் பார்க்க, இருவரும் சேர்ந்து புரிந்துகொள்வது எமாகியின் இயல்பான வாசிப்பு முறைகளில் ஒன்று.

விலங்குகளின் விளையாட்டுத் திடல்

கோசான்ஜி சுருள்களுக்குப் பிற்காலத்தில் வழங்கிய பெயர் ‘ச்சோஜூ ஜின்புட்சு கிகா’. பறவைகள், விலங்குகள், மனிதர்கள் பற்றிய வேடிக்கைப் படங்கள் என்பது இதன் பொருள். மொத்தம் நான்கு சுருள்கள். 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வெவ்வேறு கைகளால் வரையப்பட்டவை. ஜப்பானின் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டவை.

முதல் சுருள் ஒரு விடுமுறை நாளைப் போலத் தொடங்குகிறது. முயல்களும் குரங்குகளும் மலை ஆற்றில் நீராடுகின்றன. அடுத்து முயல்களுக்கும் தவளைகளுக்கும் வில்போட்டி. குறிவைக்கும் இலக்கு ஒரு தாமரை இலை. ஓரிடத்தில் குரங்கு ஒன்று தப்பி ஓட, முயல் கையில் கோலுடன் துரத்துகிறது. பிறகு நாம் பார்த்த மல்யுத்தம். இறுதியில் குரங்கு பிக்குவின் உடையணிந்து மந்திரம் ஓதுகிறது. அதன் எதிரே, பெரிய இலைகளைப் பின்னணியாகக் கொண்டு, புத்தர் சிலையைப் போலத் தவளை ஒன்று கம்பீரமாக அமர்ந்திருக்கிறது.

இது வெறும் வேடிக்கையா, அக்கால மதகுருமார்கள் மீதான கிண்டலா என்பது குறித்து அறிஞர்களிடையே பல கருத்துகள் உண்டு. சுருளில் எழுத்தே இல்லாததால் முடிவான விடை கிடைக்கவில்லை. ஓவியர் யார் என்பதும் அப்படித்தான். தோபா சோஜோ என்று அழைக்கப்பட்ட ககுயு (1053–1140) என்ற துறவியின் பெயரை நெடுங்காலமாகச் சொல்லிவந்தார்கள். அதை உறுதிப்படுத்தச் சான்று இல்லை. சுருள்களில் பல கைகளின் வேலை தெரிவதால், ஒருவரே அனைத்தையும் வரைந்தார் என்பதை இன்று ஏற்பதில்லை.

உலகின் முதல் காமிக்ஸ் என்று சிலர் இதைப் புகழ்வார்கள். அந்தக் காலத்துச் சுருளுக்கும் இன்றைய மாங்கா நூல்களுக்கும் நேரடி வாரிசுத் தொடர்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒற்றுமைகள் உண்மையானவை. தவளையின் திறந்த வாயிலிருந்து சில கோடுகள் வெளியே பாய்கின்றன. அவை மூச்சா, முழக்கமா? இன்றைய படக்கதையில் ஒலியைக் காட்ட இடும் கோடுகளை அவை நினைவூட்டுகின்றன. புகழ்பெற்ற அனிமேஷன் இயக்குநர் இசாவோ தகஹாதா, எமாகிகளை 12ஆம் நூற்றாண்டின் அனிமேஷனாக அணுகி 1999இல் ஒரு நூலே எழுதினார்.

மனிதர்கள் ஆடிய ஆட்டங்கள்

மூன்றாம் சுருளின் முதல் பாதியில் மனிதர்கள் வருகிறார்கள். ஒரு கூட்டம் ‘கோ’ ஆடுகிறது. இன்னொரு கூட்டம் ‘சுகொரொகு’ என்ற பகடை விளையாட்டில் மூழ்கியிருக்கிறது. மற்றொன்று ‘ஷோகி’ எனும் ஜப்பானியச் சதுரங்கம் ஆடுகிறது. காதில் கயிற்றை மாட்டிக்கொண்டு இருவர் இழுக்கிறார்கள். கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுக்கும் போட்டியும் உண்டு. எதிரெதிரே அமர்ந்து சிரிக்காமல் ஒருவரையொருவர் முறைத்துப் பார்க்கும் போட்டியும் இருக்கிறது. யார் முதலில் சிரித்தாலும் தோல்விதான். சேவல் சண்டை, நாய்ச் சண்டை ஆகியவையும் இடம்பெறுகின்றன.

இவற்றில் ஷோகிக்கு ஒரு தனிச் செய்தி உண்டு. அதன் வேர் இந்தியாவின் சதுரங்கத்தில் இருக்கிறது. இந்தியாவில் பிறந்த ஆட்டம் மேற்கே பாரசீகம் வழியாகச் சென்று செஸ் ஆனது. கிழக்கே ஆசிய நாடுகளைக் கடந்து சென்ற கிளை ஜப்பானில் ஷோகி ஆனது. இரண்டிலும் அரசனைச் சிறைப்பிடிப்பதே நோக்கம். இன்றைய ஷோகியில் எதிரியிடமிருந்து வெட்டிய காயைத் தன் காயாக மாற்றிக் களத்தில் இறக்கலாம். ஒரு விளையாட்டு நாடு விட்டு நாடு போகும்போது விதிகள் எப்படி மாறுகின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சுகொரொகுவின் கதை வேறு. பகடையை உருட்டிக் காய்களை நகர்த்தும் இந்த ஆட்டம் எளிதில் சூதாட்டமானது. 689ஆம் ஆண்டிலேயே ஜப்பானிய அரசு இதைத் தடை செய்ததாக அந்நாட்டின் பழைய வரலாற்று நூல் குறிப்பிடுகிறது. ஆனால் 8ஆம் நூற்றாண்டின் அழகிய சுகொரொகுப் பலகைகள் நாரா நகரின் அரச கருவூலமான ஷோசோயினில் பத்திரமாக இருக்கின்றன. கோசான்ஜி சுருளிலும் மக்கள் அதை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். தடை ஆணையை மட்டும் படித்தால் ஆட்டம் நின்றுவிட்டது என்று நினைப்போம். பலகையையும் படத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அது நிற்கவே இல்லை என்று தெரிகிறது.

அந்த ஆட்டத்தின் இன்னொரு முகத்தை, தொழிலாளர்கள் கவிதைப் போட்டி நடத்துவதாகக் கற்பனை செய்து வரைந்த ‘தோஹோகுயின்’ சுருளில் காணலாம். தச்சர், கொல்லர் போன்றவர்களோடு சூதாடியும் ஒரு தொழில்காரராக அதில் வருகிறார். எதிரே சுகொரொகுப் பலகை. உடம்பில் துணி இல்லை, எல்லாவற்றையும் பந்தயத்தில் இழந்துவிட்டார். தலையில் தொப்பி மட்டும் எஞ்சியிருக்கிறது. வெறுந்தலையோடு இருப்பதை ஆண்கள் பெரும் அவமானமாகக் கருதிய காலம் அது. துணியை இழந்தவர் தொப்பியை மட்டும் விடவில்லை. சூதாட்டத்தின் கேட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாலும் இந்தத் தொப்பி சொல்வதைச் சொல்லிவிட முடியாது.

மூன்றாம் சுருளைப் பற்றி இன்னொரு வியப்பான செய்தியும் உண்டு. அதன் முதல் பாதியில் மனிதர்கள், இரண்டாம் பாதியில் விலங்குகள். 2009இல் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்த பழுதுபார்ப்பின்போது தாள்களை நுணுகி ஆராய்ந்தார்கள். மனிதர்களும் விலங்குகளும் முதலில் ஒரே தாளின் முன்னும் பின்னும் வரையப்பட்டவை என்பது அப்போது தெரியவந்தது. பிற்காலத்தில் யாரோ ஒருவர் அந்தத் தாளை இரண்டு மெல்லிய ஏடுகளாகப் பிரித்து, நீளவாக்கில் இணைத்திருக்கிறார். நார்கள் பின்னிய ஜப்பானியக் காகிதத்தைத் தேர்ந்த கைகளால் அப்படிப் பிரிக்க முடியும். நூற்றாண்டுகளாகப் பார்த்துவந்த ஒரு பொருளிலும் கண்டுபிடிக்க ஏதாவது மிச்சம் இருக்கிறது என்பதற்கு இது சான்று.

மூலம் எரிந்தது, படி பிழைத்தது

மக்களின் பொழுதுபோக்குகளை மிக விரிவாகப் பதிவு செய்த சுருள்களின் மூலம் இன்று இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பேரரசராக இருந்து, பதவி துறந்த பின்னும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்தவர் கோ-ஷிரகாவா (1127–1192). தெருப் பாடகர்கள் பாடிய பாடல்களைத் தாமே கற்றுத் தொகுக்கும் அளவுக்குப் பொதுமக்கள் கலையில் ஈடுபாடு கொண்டவர் அவர். ஆண்டு முழுவதும் நடக்கும் அரண்மனைச் சடங்குகளையும் ஊர் விழாக்களையும் சுமார் 60 சுருள்களில் வரையச் செய்தார். ‘நென்ஜு க்யோஜி எமாகி’, அதாவது ஆண்டு நிகழ்வுகளின் ஓவியச் சுருள் என்பது அதன் பெயர்.

அதில் சேவல் சண்டை பிரபுவின் மாளிகைத் தோட்டத்திலும் நடக்கிறது, எளிய மக்கள் கூடும் இடத்திலும் நடக்கிறது. ‘கெமாரி’ என்ற பந்தாட்டத்தையும் காணலாம். மான்தோலால் செய்த பந்தைக் காலால் தட்டித் தட்டி, தரையில் விழாமல் வட்டமாக நின்று ஆடுவார்கள். இதில் எதிரணி இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. எல்லோரும் சேர்ந்து பந்தை விழாமல் காப்பதே ஆட்டம். மரச் சுத்தி போன்ற கோலால் பந்தை அடித்து விரட்டும் தெரு விளையாட்டும் உண்டு. ஆடுபவர்களுக்கு இணையாக வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் ஓவியர் இடம் கொடுத்திருக்கிறார். எட்டிப் பார்ப்பவர், குழந்தையைத் தூக்கிக் காட்டுபவர், வாய்விட்டுச் சிரிப்பவர் எனக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் தனித்தனி.

1661இல் அரண்மனையில் ஏற்பட்ட தீயில் இந்தச் சுருள்கள் அழிந்தன. ஆனால் அதற்கு முன்பே சுமியோஷி ஜொகெய் (1599–1670) என்ற ஓவியர் அவற்றில் ஒரு பகுதியைப் பார்த்துப் படியெடுத்திருந்தார். சில பகுதிகளுக்கு வண்ணம் தீட்டினார். பல பகுதிகள் கோட்டுப் படங்களாகவே உள்ளன. 12ஆம் நூற்றாண்டு மக்கள் ஆடிய விளையாட்டுகளைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றில் பெரும் பங்கு, 17ஆம் நூற்றாண்டில் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து படியெடுத்ததால் கிடைத்தது. படியெடுப்பது கற்பனை இல்லாத வேலை என்று நாம் சில வேளைகளில் சொல்லிவிடுகிறோம். இங்கே ஒரு நாட்டின் நினைவைக் காப்பாற்றியது அந்த வேலைதான்.

படத்தை எவ்வளவு நம்பலாம்?

சமூக அறிவியல் ஆசிரியர்கள் இங்கே ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படம் சான்றுதான். ஆனால் அது ஒருவருடைய கண் வழியே வந்த சான்று. எமாகிகளைச் செய்யச் சொன்னவர்கள் பெரும்பாலும் அரண்மனையையும் கோயிலையும் சேர்ந்தவர்கள். காகிதமும் ஓவியரின் உழைப்பும் விலை மிகுந்தவை. தெருவில் கோலால் பந்தடித்தவர் தன்னைத் தானே வரைந்துகொள்ளவில்லை. அவரை வேறொருவர், வேறொரு வர்க்கத்தவருக்காக வரைந்தார். எளியவர்களின் முகங்களில் கோணலான சிரிப்பும் பெரிய உணர்ச்சிகளும் நிறைந்திருக்க, கெஞ்சி கதையின் பிரபுக்களுக்குக் கண் ஒரு கோடு, மூக்கு ஒரு கொக்கி. உயர்குடியினர் உணர்ச்சியைக் காட்டமாட்டார்கள், எளியவர்கள் அப்பட்டமாகக் காட்டுவார்கள் என்பது ஓவியரின் பார்வையா, அக்காலத்து உண்மையா? விலங்குகளை மனிதர்களாக்கி வரைந்த சுருளில் எது வழக்கம், எது நகைச்சுவைக்காகச் சேர்த்தது? படியெடுத்தவர் எதையாவது மாற்றினாரா? இந்தக் கேள்விகள் சான்றின் மதிப்பைக் குறைப்பதில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுத் தருகின்றன.

பிற்காலத்தில் இந்த நிலை மெல்ல மாறியது. 17ஆம் நூற்றாண்டில் தோக்கியோ, ‘எதோ’ என்ற பெயரில் பெருநகரமாக வளர்ந்தது. வணிகர்களும் கைவினைஞர்களும் நாடகத்துக்கும் பூ பார்க்கும் உலாவுக்கும் படகுப் பயணத்துக்கும் செலவிடத் தொடங்கினார்கள். ஹிஷிகாவா மொரோனொபு (மறைவு 1694) போன்ற ஓவியர்கள் அந்த நகரத்து இன்பங்களைச் சுருள்களிலும் அச்சு நூல்களிலும் வரைந்தார்கள். கபுகி நாடக மேடையை மட்டுமல்லாமல், நடிகர்கள் ஒப்பனை செய்யும் பின்னறையையும் காட்டினார்கள். 1805ஆம் ஆண்டளவில் வரையப்பட்ட ‘கிதாய் ஷோரன்’ சுருள் எதோவின் ஒரு கடைத்தெருவை 12 மீட்டர் நீளத்துக்கு விரிக்கிறது. அதில் 1,671 மனிதர்களை எண்ணியிருக்கிறார்கள். இன்று அது ஜெர்மனியின் பெர்லின் நகர அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது. அதன் நகலைத் தோக்கியோவின் மித்சுகோஷி-மாயே சுரங்க ரயில் நிலைய நடைபாதையில் யார் வேண்டுமானாலும் நடந்தபடியே பார்க்கலாம்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தோக்கியோ தேசிய அருங்காட்சியகம் உள்ளிட்ட ஜப்பானிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் எமாகிப் படங்கள் கிடைக்கின்றன. திறன்பேசியில் காட்டலாம், ஒரு பகுதியை அச்செடுத்தும் பயன்படுத்தலாம். படமே கிடைக்காவிட்டாலும் கீழ்க்காணும் செயல்பாடுகளில் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும். தேவைப்படுபவை பழைய நாள்காட்டித் தாள்கள், பசை, இரண்டு குச்சிகள் மட்டுமே.

1. மெல்லப் பார்த்தல் (தொடக்க வகுப்புகள்): நீளமான ஒரு படத்தின் மேல் இரண்டு அட்டைகளை வைத்து, இடையில் ஒரு சாண் அளவு மட்டும் தெரியும்படி நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் மூன்று கேள்விகள் போதும். என்ன தெரிகிறது? இதற்கு முன் என்ன நடந்திருக்கும்? அடுத்து என்ன வரும்? விடை சரியா தவறா என்று ஆசிரியர் உடனே சொல்ல வேண்டாம். அடுத்த பகுதியை விரித்தால் படமே சொல்லிவிடும். எழுத்துக்கூட்டத் திணறும் குழந்தையும் இதில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும். முன்கணித்தல், காரணம் கூறல், வரிசைப்படுத்தல் ஆகிய வாசிப்புத் திறன்களை எழுத்து இல்லாமலே இங்கே பயிற்சி செய்கிறோம்.

2. ஒரே இடம், நான்கு தருணங்கள் (3ஆம் வகுப்பு முதல்): மாணவர்கள் தாங்கள் அன்றாடம் ஆடும் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். திடலை ஒரே ஒருமுறை வரைந்து, அதற்குள் ஒரே பிள்ளையை நான்கு இடங்களில் வரைய வேண்டும். தொடங்கும்போது, ஆடும்போது, திருப்பம் நேரும்போது, முடியும்போது. அது ஒரே ஆள்தான் என்று பார்ப்பவருக்கு எப்படிப் புரியவைப்பது? சட்டையின் நிறமா, தலைமுடியா, கையில் உள்ள பொருளா? இதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். வேடிக்கை பார்ப்பவர்களையும் வரையச் சொல்லுங்கள். ஆட்டத்தில் சேர்க்கப்படாமல் ஓரமாக நிற்கும் பிள்ளை யார் என்பதும் அப்போது தெரியவரலாம். ஆசிரியர் கவனிக்க வேண்டிய செய்தி அது.

3. படியின் படி (உயர்நிலை வகுப்புகள்): எளிய ஒரு கோட்டுப் படத்தை முதல் மாணவருக்கு மட்டும் காட்டிப் படியெடுக்கச் செய்யுங்கள். இரண்டாமவர் முதல்வரின் படியை மட்டும் பார்த்து வரைய வேண்டும். இப்படி ஆறு பேர் வரைந்த பின் மூலத்தையும் கடைசிப் படியையும் அருகருகே வையுங்கள். எது மாறியது? எது மாறாமல் நின்றது? முதல் ஐந்தும் எரிந்துபோய் ஆறாவது மட்டும் கிடைத்தால் நாம் எதைச் சரியாகவும் எதைத் தவறாகவும் நினைப்போம்? ஓலைச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த இலக்கியங்களில் பாடவேறுபாடுகள் ஏன் உள்ளன என்பதைத் தமிழாசிரியர் இதே இடத்தில் விளக்கலாம்.

4. சான்றை விசாரித்தல் (உயர்நிலை, மேல்நிலை வகுப்புகள்): தொப்பி மட்டும் எஞ்சிய சூதாடியின் கதையைச் சொல்லி, குழுக்களாக விவாதிக்க விடுங்கள். இதை வரைந்தவர் யார் பக்கம் நிற்கிறார்? இது சிரிக்க வரைந்ததா, இரங்க வரைந்ததா? சூதாடியே வரைந்திருந்தால் எப்படி இருக்கும்? 689ஆம் ஆண்டின் தடை ஆணை, கருவூலத்தில் உள்ள பலகை, இந்தப் படம் ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு பத்தி எழுதச் சொன்னால், பல சான்றுகளை ஒப்பிட்டு முடிவுக்கு வரும் வரலாற்று முறைக்கு அது நல்ல பயிற்சியாகும்.

வகுப்பில் எல்லோரும் வரைந்த தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டினால் சில மீட்டர் நீளமுள்ள ஒரு சுருள் கிடைத்துவிடும். ஆண்டு, வகுப்பு, ஆட்டங்களின் பெயர்கள், விதிகள் ஆகியவற்றைப் படங்களுக்கு இடையில் எழுதி, முனைகளில் குச்சிகளைப் பொருத்திப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். எமாகிகளிலும் படமும் எழுத்தும் மாறி மாறி வருவதுதான் பொதுவான வழக்கம். பத்து ஆண்டுகள் கழித்து வரும் மாணவர்கள் அதை விரித்துப் பார்ப்பார்கள். அப்போது சில விளையாட்டுகளின் விதிகள் மாறியிருக்கும். சிலவற்றை யாரும் ஆடாமல் போயிருக்கலாம்.

அரசாணைகளும் போர்களும் தாமாகவே ஆவணத்தில் ஏறிவிடுகின்றன. முறைத்துப் பார்க்கும் போட்டியில் முதலில் சிரித்துவிட்டவரை யாராவது விரும்பி வரைந்தால்தான் உண்டு. 12ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சிலர் அப்படி விரும்பினார்கள். வேறு சிலர் அதைப் படியெடுத்தார்கள், இன்னும் சிலர் பழுதுபார்த்தார்கள். நம் மாணவர்கள் ஆடும் ஆட்டங்களுக்கும் அப்படி ஒரு பதிவு வேண்டும். அதை அவர்கள் கையாலேயே வரையச் செய்ய ஒரு பாடவேளை போதும்.